சேவலோடு வந்தவர்

கமலாவைப் பெண் பார்க்க வந்த அன்று கேசரித் தட்டைக் கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனவள் நான். கமலாவின் கையில் கொடுத்தால் அவள் சிரித்துக் கொட்டிவிடுவாள் என்று அவள் அம்மாவுக்குப் பயம். மாப்பிள்ளையிடம் அவள் புதிதாகப் பார்க்க ஒன்றும் இல்லை. மாசிலாமணி சில மாதங்களுக்கு முன்புதான் தாயாரோடு கிள்ளானிலிருந்து வந்து, ஜூரோங்கில் புதிதாகத் திறந்திருந்த கப்பல் பட்டறையில் வெல்டராகச் சேர்ந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களுடைய தமிழ்க் கிறிஸ்தவக் கோயிலில் பாடகர் வரிசையில் கமலாவுக்கு நேர் பின்னால் நிற்பார். அவர் சுருதி விலகும்போதெல்லாம் கமலா திரும்பி முறைப்பாள். கொஞ்ச நாளில், அவர் வேண்டுமென்றே விலகுகிறாரோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. எல்லாம் அப்படித்தான் ஆரம்பித்தது.

ரேஸ்கோர்ஸ் ரோட்டில் கமலாவின் வீடு. பின்னால் நோரிஸ் ரோட்டில் எங்கள் வீடு. நாங்கள் சிவன் கோயிலுக்குப் போகிறவர்கள், அவர்கள் லுத்தரன்காரர்கள். ஆனால் பள்ளிக்கூடத்திலிருந்தே அவள் வீட்டு அடுப்பங்கரை வரை எனக்கு வழி உண்டு. அவள் அப்பா வேதமுத்து மின்சார இலாகாவில் எந்திரங்களை மேற்பார்க்கும் சார்ஜ்மேன். வீட்டிலும் எந்திர இரைச்சலுக்கு மேலே பேசுவது போலவே பேசுவார். அன்று அவர் டை கட்டியிருந்தார். மாப்பிள்ளையின் தாயார் அன்னம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்து, சொல்லுக்குச் சொல் "அண்ணே, அண்ணே" என்று அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பேச்சு நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது அன்னம்மா மடியிலிருந்த வெள்ளைத் துணியை அவிழ்த்து ஒரு சிறிய புத்தகத்தை எடுத்தார்.

"நாங்க ஒண்ணும் சாதாரணக் குடும்பம் இல்லண்ணே. எங்க வீட்டுக்காரரோட மூதாதை பெரிய உபதேசியாரு. அவரு செத்தப்ப வெள்ளைக்கார ஐயரு பண்ணின பிரசங்கம் இது. ஜெர்மனியில அச்சடிச்சு அனுப்பினாங்க. வாசிக்கத்தான் ஆளில்ல."

பாதிரியாரை அவர்கள் ஐயர் என்றுதான் சொல்வார்கள். உபதேசியார் என்றால் அவருக்குத் துணையாக வேதம் போதிப்பவர்.

வேதமுத்து மாமா எழுந்து நின்றுவிட்டார். "பேரு?"

"ஞானாதிக்கம் உபதேசியாரு. பொறையாறு."

"ஞானாதிக்கமா! அட, நாங்களும் அவரு வம்சந்தாம்மா! அவரோட இளைய மகன் தேவசகாயம், அவரு வழி நாங்க!"

ஒரு கணம் எல்லோர் முகமும் மலர்ந்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. எவ்வளவு பொருத்தம் என்று நினைத்தேன். பிறகு அன்னம்மா கேசரித் தட்டை நோக்கி நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டார்.

"எங்க வீட்டுக்காரரு ஏசடியான் வழி. அவரும் உபதேசியாரு மகன்தான். அப்ப நாம பங்காளி ஆகிடுறோமே."

பங்காளி என்றால் மாசிலாமணியும் கமலாவும் அண்ணன் தங்கை. எத்தனை தலைமுறை ஆனாலும் அது மாறாது; கோயில் மாறினாலும் மாறாது. மாசிலாமணி தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தட்டோடு கதவோரம் ஒதுங்கினேன். கதவுக்குப் பின்னால் நின்ற கமலா என் காதில், "கொயர்ல டெனர் பாடினவர இனிமே அண்ணான்னு கூப்பிடணுமாம்டி" என்றாள். சிரிப்பாகத்தான் சொன்னாள். ஆனால் என் தோளைப் பிடித்தவள் விடவில்லை.

அன்னம்மா விடவில்லை. "ஆனா எங்க வீட்டுக்காரரு சொல்லுவாரு, உபதேசியாருக்கு ஒரே மகன்தான்னு."

"அப்ப எங்க பாட்டன் யாரு? ஆகாசத்துலருந்து குதிச்சாரா?" மாமாவின் குரலைக் கேட்டு எதிர் வீட்டு நாய் குரைத்தது. "வருஷா வருஷம் கிறிஸ்மஸ் அன்னிக்கு சபை முன்னால நின்னு உபதேசியாரு ரத்தம்னு சொல்றவன் நான்."

அப்போதுதான் கமலா கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். "ஏன் சண்டை? பொஸ்தகத்துல எழுதியிருக்கும்ல, யார் மகன், யார் மகன் இல்லன்னு. இங்கதான் ஒருத்தி ஜெர்மன் படிக்கிறா லா!"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் இன்னும் கேசரித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

ஜெர்மன் படிக்கிறேன் என்பது உண்மைதான். ராபின்சன் ரோட்டில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் நான் டைப்பிஸ்ட். ஹாம்பர்க்கிலிருந்து கடிதங்கள் வரும். அந்த மொழி தெரிந்தால் நல்லது என்று பெரிய கிளார்க் ஒரு முறை பொதுவாகச் சொன்னதை நான் மட்டும் நிஜமாக எடுத்துக்கொண்டு மாலை வகுப்பில் சேர்ந்தேன். ரயில் நிலையம் எங்கே இருக்கிறது என்று கேட்கத் தெரியும். எனக்கு ஒரு தம்பி, அவன் பால் குடிக்கிறான் என்று சொல்லத் தெரியும். அதற்கு மேல் எதுவும் நிச்சயமாகத் தெரியாது. இதை நான் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுப்பதற்குள் அன்னம்மா புத்தகத்தைத் துணியோடு என் கையில் வைத்துவிட்டார். தட்டை யார் வாங்கினார்கள் என்று ஞாபகமில்லை.

அன்று டைரியில், "ஒரு கல்யாணத்தை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்திருக்கக் கூடாது" என்று மட்டும் எழுதினேன்.

முதல் தடங்கல் எழுத்து. நான் படித்தது ஆங்கிலம் போன்ற எழுத்து. இது கறுப்புக் கொக்கிகளை வரிசையாகத் தொங்கவிட்டது போல இருந்தது. எங்கள் ஆசிரியை திருமதி பிராண்ட் ஒரு கப்பல் எஞ்சினியரின் மனைவி. புத்தகத்தைப் பார்த்ததும் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். தன் தகப்பனார் காலம் வரைக்கும் இந்த எழுத்து இருந்தது என்று சொல்லி, கொக்கிக்குக் கொக்கி எது எந்த எழுத்து என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். தன் ஊரில் வம்சம் தேடுகிறவர்கள் இப்படிப்பட்ட சாவுப் பிரசங்கங்களைத்தான் தேடி அலைவார்கள் என்றும் சொன்னார். "பிறப்பு, கல்யாணம், பிள்ளைகள், இதையெல்லாம் நம்பலாம். குணத்தைப் பற்றி எழுதியிருப்பதில் பாதியை நம்பு. பிணத்தின் முன்னால் நின்று யார் கெட்டது சொல்வார்?"

நான் முறையாகவே செய்தேன். கோடு போட்ட தாளில் மூன்று கட்டங்கள்: சொல், பொருள், சந்தேகம். மூன்றாவது கட்டம்தான் முதலில் நிரம்பியது. முதல் பக்கத்தின் முதல் வரியிலிருந்து ஆரம்பித்து, ஒரு சொல்லையும் தாண்டாமல் போனேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து, சரக்குப் படகுகள் வருவதையும் போவதையும் பார்த்தபடி அகராதியைப் புரட்டினேன். வாழ்க்கை ஒரு கப்பல் என்று எழுதியிருந்தது. பிறகு ஒரு திராட்சைக் கொடி. பிறகு யாக்கோபு என்ற பெரியவர் பிள்ளைகளை ஆசீர்வதித்த கதை. அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். ஞானாதிக்கத்தின் பெயர் எங்கேயும் வரவில்லை. வாரங்கள் ஓடின. அன்னம்மா தூக்குச் சட்டியில் மீன் குழம்பு அனுப்புவார். கூடவே, "பாட்டன் என்ன சொல்றாரு?" என்று கேள்வியும் வரும். இன்னும் யாக்கோபின் எட்டாவது மகனிடம்தான் இருக்கிறோம் என்று சொல்லியனுப்ப வெட்கமாக இருந்தது. குழம்பு மட்டும் நன்றாக இருந்தது.

அதற்குள் வேதமுத்து மாமா ஈப்போவில் ஒரு மாப்பிள்ளை பார்த்துவிட்டார். ரப்பர் ஆபீசில் வேலை, சொந்தமாக மோட்டார் சைக்கிள். அவர்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வருவதாகக் கடிதம் போட்டிருந்தார்கள். அதைச் சொல்லத்தான் கமலா செவ்வாய்க்கிழமை தன் ஆபீஸ் விட்டதும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"எவ்வளவு முடிச்சிருக்க, காட்டு."

காட்டினேன். தாளைத் திருப்பத் திருப்ப அவள் புருவம் உயர்ந்தது.

"என்னடி இது? கப்பல், திராட்சை, யாக்கோபு..."

"முதல்லேருந்து ஒழுங்கா வரணும்ல. நடுவுல ஏதாவது விட்டுப்போச்சுன்னா?"

"ஏண்டி, நீ எங்க ஆளுங்க சாவு வீட்டுக்கு வந்ததே இல்லையா?"

"உங்க சித்தப்பாவுக்கு வந்தேனே. பாதியில ஆபீசுக்குப் போயிட்டேன்."

"பாதியிலயா!" கமலா என் கட்டிலில் மல்லாந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்தாள். அழுத கண்ணோடு அப்படி ஒருத்தி சிரித்து நான் பார்த்ததில்லை. "முதல்ல பிரசங்கம். அப்ப எல்லாரும் தூங்குவாங்க. எல்லாம் முடிஞ்ச பிறகுதான் ஜீவிய சரித்திரம் வாசிப்பாங்க. எங்க பொறந்தாரு, யாரக் கட்டினாரு, எத்தன பிள்ளைங்க... அதுக்குத்தான் முழிப்பாங்க. கடைசிப் பக்கத்துக்குப் போடி, மக்கு! ஊர்ல இருந்தே எங்க வழக்கம் அதான். அந்த வெள்ளைக்கார ஐயருதானே சொல்லிக் கொடுத்திருப்பாரு!"

யாரும் என்னிடம் இதைச் சொல்லவில்லை. அவர்களுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமே இல்லை. புத்தகத்தைப் பின்னாலிருந்து திறந்தோம். ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. ஆனால் அந்தப் பக்கத்தின் தலையிலேயே, கொக்கிகளுக்கு நடுவில், ஞானாதிக்கம் என்று என்னால்கூட எழுத்துக்கூட்ட முடிந்தது. அந்த ஜெர்மன்காரர் அந்தத் தமிழ்ப் பெயரை எப்படியோ எழுதியிருந்தார். கமலா அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்து எழுத்தெழுத்தாக நகர்த்தினாள்.

அன்றிரவும் மறுநாளும் அந்தப் பகுதியை மொழிபெயர்த்தேன். நான் கண்டுபிடித்ததை என்னாலேயே நம்ப முடியவில்லை. வியாழக்கிழமை வகுப்புக்கு எடுத்துப் போனேன். திருமதி பிராண்ட் என் தாளைத் தொடாமல், முதலில் புத்தகத்தையே சத்தமாக வாசித்தார். வாசித்துக்கொண்டே சிரித்தார். பிறகு என் தாளைப் பார்த்து, இரண்டே இடங்களில் பென்சிலால் திருத்தினார். இரண்டும் அரிசியைப் பற்றியவை. ஆட்களைப் பற்றியவை அல்ல. "நம்பலாம்," என்றார்.

அதில் அந்த வெள்ளைக்கார ஐயர் தன் வாயால் சொல்லியிருந்தது இதுதான்.

ஹைதர் அலியின் குதிரைகள் போன பிறகு வந்த பஞ்சத்தில், பொறையாற்றுக்குப் பக்கத்துக் கோட்டை வாசலில் கஞ்சி ஊற்றும் இடத்துக்கு ஒரு பையன் வந்தான். ஊர் சொல்லத் தெரியவில்லை. தகப்பன் பெயரைக் கேட்டால் அழுதான். அக்குளில் ஒரு சேவல் வைத்திருந்தான். ஒரு படி அரிசி தருகிறேன், அதைக் கொடு என்றேன். எங்கள் வீட்டில் மிச்சம் இது ஒன்றுதான் என்று சொல்லித் தர மறுத்துவிட்டான். எலும்பு தெரியும் பசியில் இருந்தவன், அதை அறுக்கவும் இல்லை, விற்கவும் இல்லை. ஞானாதிக்கம் பையனையும் சேவலையும் சேர்த்துத் தம் வீட்டுக்கு அழைத்துப் போனார். அடுத்த ஞாயிறு என் பிரசங்கத்தின் நடுவில் அந்தச் சேவல் கூவியது. சேவல் கூவுமுன் பேதுரு ஆண்டவரைத் தெரியாது என்று மறுதலித்ததை நினைத்துச் சபை முழுவதும் தலை குனிந்தது; ஞானாதிக்கம் மட்டும் சிரித்தார். பையனுக்குத் தேவசகாயம் என்று ஞானஸ்நானம் கொடுத்தோம். அவர் அவனை மகனே என்றுதான் கூப்பிடுவார். பெரியவனானதும் தம் மகள் ஞானப்பூவை அவனுக்கே கட்டிக் கொடுத்தார். அந்தக் கல்யாணத்தை நடத்தி வைத்தவன் நான். அவர் கண் மூடும்போது அவருடைய ஒரே மகன் ஏசடியான் வலது பக்கத்திலும், மகளும் மருமகனும் இடது பக்கத்திலும் நின்றார்கள்.

தேவசகாயம் மகன் அல்ல, மருமகன். பங்காளி இல்லை. அந்த வீட்டுப் பெண்ணை இந்த வீட்டில் கொடுத்திருக்கிறார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது சிராங்கூன் ரோட்டு விளக்குகள் எல்லாம் எனக்காக எரிவது போல இருந்தது. எங்கள் நிறுத்தம் வருவதற்குள்தான் வேதமுத்து மாமாவின் ஞாபகம் வந்தது. கமலாவுக்கு மாசிலாமணி கிடைக்க வேண்டுமானால், மாமா உபதேசியார் ரத்தத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். ஊர் தெரியாத, தகப்பன் பெயர் தெரியாத ஒரு பையனை முதல் பாட்டனாக ஏற்றுக்கொள்ள வேண்டும். புத்தகம் சொல்வது பொய் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். டைப்பிஸ்ட் பெண்ணின் மாலை வகுப்பு ஜெர்மனை யார் நம்பப் போகிறார்கள்? நானே முழுசாக நம்பவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் மாமா வீட்டில் எல்லோரும் கூடினார்கள். நான் எழுதிக்கொண்டு போனதை வாசித்தேன். கல்யாணத்தைப் பற்றிய வரி வந்ததும் அன்னம்மா கைதட்டிவிட்டார்.

"நம்ம வீட்டுப் பொண்ணு ஞானப்பூ! ஏசடியானோட கூடப் பொறந்தவ! அவ பிள்ளைங்க எங்களுக்கு அத்தை பிள்ளைங்கல்ல!" அவர் அங்கேயே விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். ஏசடியான் வழியில் யார் யார், தேவசகாயம் வழியில் யார் யார் என்று கமலாவின் அம்மாவும் சேர்ந்துகொண்டார். இரண்டு பக்கமும் மாசிலாமணியும் கமலாவும் ஒரே தலைமுறைப் படியில் வந்து நின்றார்கள். "முறைப்பொண்ணு! தேடாமலே முறைப்பொண்ணு கிடைச்சிருக்கா. போன பொண்ணு நம்ம வீட்டுக்கே திரும்பி வருது. என்ன சொல்றீங்கண்ணே?"

பெண் பார்த்த அன்று நின்றுபோன 'அண்ணே' அப்போதுதான் திரும்ப வந்தது. அன்னம்மா அதைத் தெரிந்துதான் சொன்னார். புருஷனின் பங்காளியை யாரும் அண்ணன் என்று கூப்பிட மாட்டார்கள்.

மாமா சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

"அந்தப் பையன் எந்த ஊருன்னு எழுதலையா சுந்தரி?"

"இல்ல மாமா."

"அப்பா பேரு?"

"அழுதான்னுதான் எழுதியிருக்கு."

கமலா அவர் காலடியில் வந்து உட்கார்ந்தாள். "ஏம்ப்பா, ஞானப்பூவும் உபதேசியாரு ரத்தந்தானே? பொண்ணு வழியா வந்தா ரத்தத்துல தண்ணி கலந்துடுமா? அப்ப நான் உங்களுக்கு யாரு?"

"வாயப் பாரு," என்றார் மாமா. ஆனால் கோபம் இல்லை. கொஞ்ச நேரம் சுவரில் இருந்த ரேடியோப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் யாரோ காய்கறி விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"அந்தச் சேவல் வர்ற எடத்த மறுபடி வாசிம்மா."

வாசித்தேன். எங்கள் வீட்டில் மிச்சம் இது ஒன்றுதான் என்ற வரி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவ்வளவு பசியில அறுத்துத் தின்னல?"

"இல்ல மாமா."

"ஒரு படி அரிசி கொடுக்கிறேன்னு வெள்ளைக்கார ஐயரே கேட்டும் குடுக்கல?"

"குடுக்கல மாமா."

"ம்," என்றார். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாளை ஈப்போக்காரர்களை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போவாரா, மாட்டாரா என்று கேட்க யாருக்கும் துணிவு வரவில்லை. மாசிலாமணி மட்டும் வாசலில் செருப்பை மாட்டும்போது கமலாவைப் பார்த்து ஒரு கீர்த்தனையை மெல்ல முனகினார். சுருதி விலகியே இருந்தது.

மறுநாள் காலையில் அம்மா என்னைக் கத்தரிக்காய் வாங்கத் தேக்கா மார்க்கெட்டுக்கு அனுப்பினார். நான் சரியாக மொழிபெயர்த்தேனா, அந்த ஒரே மகன் என்ற இடத்தை இன்னொரு முறை பார்த்திருக்க வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். கோழிக் கடைகளுக்கு முன்னால் யாரோ சத்தமாக மலாயில் பேரம் பேசுவது கேட்டது. எனக்குத் தெரிந்த குரல். கோட்டு, டை, தலைக்கு எண்ணெய், எல்லாவற்றோடும் வேதமுத்து மாமா நின்றிருந்தார். சீனக் கடைக்காரர் ஒரு பெரிய சிவப்புச் சேவலின் காலைக் கயிற்றால் கட்டி, கூடையில் தலைகீழாகப் போடப் பார்த்தார்.

"தக் பாயா, தக் பாயா," என்று மாமா கூடையைத் தள்ளிவிட்டார். கயிற்றையும் அவிழ்க்கச் சொன்னார். சேவலை வாங்கிக் கோட்டின் அக்குளில் இடுக்கிக்கொண்டார். கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

மாமா வெளியே வந்தார். டாக்சிகள் நிற்கும் பக்கம் ஒரு கணம் பார்த்தார். ஒரு டிரைவர் கதவைக்கூடத் திறந்துவிட்டார். மாமா தலையாட்டிவிட்டு, அன்னம்மாவின் வீடு இருந்த கெர்பாவ் ரோட்டுப் பக்கம் திரும்பினார். நான் பின்னாலேயே போனேன். கத்தரிக்காய் மறந்தே போயிற்று. மூன்று சக்கர டிரைஷா ஒன்று மணியடித்து ஒதுங்கியது. பால்காரர் சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றிக்கொண்டார். மாமா யாரையும் பார்க்கவில்லை. நெஞ்சை நிமிர்த்தி, பிரசங்க பீடத்துக்குப் போகிறவர் போல நடந்தார். மேல்மாடி ஜன்னலில் அன்னம்மா மூங்கில் கழியில் ஈரப் புடவையைக் கோத்துக்கொண்டிருந்தார். கீழே பார்த்ததும் கழி அவர் கையில் அப்படியே நின்றது.

"அண்ணே!"

அதற்குப் பதில் போல, தெரு முழுவதும் கேட்கும்படி சேவல் கூவியது. மாமா அதன் கழுத்தைத் தடவிக் கொடுத்தார். பிறகு மற்றக் கையால் டையைச் சரிசெய்துகொண்டு, அந்த வீட்டுப் படியில் காலை வைத்தார்.